அத்தானின் நாக்கு

என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் வேலை வாங்கிக் கொடுத்த செய்தியை எங்கள் குடும்பத்தில் யாரும் நம்பவில்லை. அவர் சோபாவை விட்டு எழுந்தார் என்பதையே நம்பவில்லை. "சோபாவையும் சேர்த்து வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களா?" என்று சித்தப்பா போன் போட்டுக் கேட்டார்.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சண்டை கிடையாது, யாரையும் ஒரு வார்த்தை அதட்டியது கிடையாது. அசைவதும் கிடையாது. டிவி ரிமோட் கைக்கு எட்டாமல் போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சிதான் தனக்குப் பிடித்தது என்று மனதைத் தேற்றிக்கொள்வார். ஒருமுறை மாடுகளுக்கு வரும் குளம்பு நோய் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரு பூனை கூடக் கிடையாது.

அந்த உடம்பில் ஓய்வு எடுக்காத உறுப்பு ஒன்றே ஒன்றுதான். நாக்கு. டீயை ஒரு வாய் உறிஞ்சியதும், "இந்தப் பாத்திரத்துல வெங்காயம் இருந்துச்சா?" என்பார். சூப்பைத் தொட்டதும், "ரெண்டாவது தடவை சூடு பண்ணினதா?" என்பார். சொல்வதெல்லாம் சரியாக இருக்கும். அதுதான் அக்காவுக்கு ஆத்திரம். கல்யாணமான புதிதில் அழுது பார்த்தாள், அப்புறம் கத்திப் பார்த்தாள். கடைசியில், "சாப்பாட்டைப் பத்தி வாயைத் திறந்தீங்கன்னா தட்டு உள்ள போயிடும்," என்று சட்டம் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அத்தான் மௌனமாகச் சாப்பிடுவார், ஒவ்வொரு வாய்க்கும் புருவம் மட்டும் ஏறி இறங்கும். புருவத்துக்கும் ஒரு சட்டம் போட முடியுமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கம்பெனியில குறை சொல்றதுக்கு ஆள் எடுக்க மாட்டாங்களா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் எங்கள் கம்பெனியில் அதற்கு ஆள் எடுக்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு தண்ணீர் கம்பெனியில். வெறும் தண்ணீர் இல்லை. விட்டமின் கலந்து, சர்க்கரையும் பழ ருசியும் சேர்த்த தண்ணீர். பாட்டிலின் மேல் பச்சை நிறத்தில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருப்பான். அவன் காலடியில் 'சுறுசுறுப்பானவர்களுக்கு' என்று போட்டிருக்கும். அந்த லேபிளை ஒட்டுகிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, கோணலாக ஒட்டியதைப் பொறுக்கிப் போடுவது என் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். சுறுசுறுப்பு எல்லாம் லேபிளோடு சரி.

விட்டமின் உடம்புக்கு நல்லதாம். வாய்க்கு ஆகவே ஆகாது. மருந்து அலமாரியைத் திறந்தால் அடிக்குமே, அந்த வாடை. குடிக்கும்போது ஒளிந்துகொண்டிருந்துவிட்டு, விழுங்கி முடித்த பிறகு தொண்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை என்று எதையாவது போட்டு அதை அமுக்குவது கலவை மாஸ்டரின் வேலை. அமுங்கிவிட்டதா என்று குடித்துப் பார்த்துச் சொல்வதற்கு மூன்று பேர் உண்டு. "விட்டமின் இருக்கணும், ஆனா இருக்கறதே தெரியக் கூடாது," என்று அக்காவுக்கு விளக்கினேன். "எங்க வீட்டுக்காரர் மாதிரியா," என்றாள்.

மூன்று பேரில் ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட, அந்த இடத்துக்கு அத்தானை அழைத்துக்கொண்டு போனேன். கலவை மாஸ்டர் ஒரு கப்பை நீட்டினார். அத்தான் வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில், "பின்னாடி வருது," என்றார். "ஆரஞ்சைக் கடைசியில அவசரமா ஊத்தினீங்களோ?"

மாஸ்டர் அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க?" என்றார்.

"சோபாவுல," என்றார் அத்தான்.

அன்றைக்கே சேர்ந்துவிட்டார். வெள்ளை கோட்டு, வரிசையாகக் காகிதக் கப், துப்புவதற்கு ஒரு தொட்டி. அவர் 'பின்னாடி வருது' என்று இரண்டு வார்த்தை சொன்னால் ஒரு டேங்க் தண்ணீரும் கலவை அறைக்குத் திரும்பிவிடும். தலையை ஆட்டினால் லாரி புறப்படும். வீட்டில் வாயைத் திறந்தால் தட்டு போய்விடுகிற மனிதர், இங்கே எப்போது வாயைத் திறப்பார் என்று ஒரு கூட்டமே காத்துக்கொண்டு நின்றது. அலாரம் அடிக்கும் முன்னால் எழுந்திருக்கத் தொடங்கினார். தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். அக்கா பயந்துபோய் என்னிடம், "இவருக்கு ஏதாவது காய்ச்சலான்னு கொஞ்சம் பாரு," என்றாள். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நான் கூட்டிக்கொண்டு வந்த ஆள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சந்தோஷத்துக்குக் கண் பட்ட மாதிரி புது மேனேஜர் வந்து சேர்ந்தார். நாங்கள் வைத்த பெயர் ஸ்போர்ட்ஸ் மேடம். வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஓடியே வருவார். வந்த முதல் நாளே மீட்டிங் அறையிலிருந்த நாற்காலிகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்; உட்கார்ந்து பேசினால் மூளையும் உட்கார்ந்துவிடுமாம். நல்ல மனுஷிதான். சொன்னால் சொன்னபடி நடப்பார். ஆனால் கால் ஒரு இடத்தில் நிற்காது.

அவர் ருசி பார்க்கிற அறைக்குள் வந்து அத்தானைப் பார்த்தார். அப்புறம் அத்தானின் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் பாட்டிலில் ஓடிக்கொண்டிருந்த பச்சை மனிதனைப் பார்த்தார்.

"சுறுசுறுப்பானவங்க குடிக்கிற தண்ணி இது," என்றார். "ஓடி வேர்த்த நாக்குக்குத்தான் இதோட உண்மையான ருசி தெரியும். உட்கார்ந்தே இருக்கிறவங்க சொல்றதை வெச்சு நாம எப்படி விக்கிறது?"

மறுநாள் சுவரில் அறிவிப்பு வந்துவிட்டது. ருசி பார்க்கிறவர்கள் தினமும் அரை மணி நேரம் டிரெட்மில்லில் ஓடி, வேர்க்க விறுவிறுக்க வந்துதான் கப்பைத் தொட வேண்டும். முடியாதவர்களுக்கு மூடிப் பிரிவில் வேலை. மூடிப் பிரிவு என்றால் பாட்டிலுக்கு மூடி முடுக்குகிற இடம். அங்கே மெஷின் போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் கையால்தான் பேசிக்கொள்வார்கள்.

அன்று பஸ்ஸில் அத்தான் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "சம்பளம் ஒண்ணும் குறையாது அத்தான்," என்று ஆறுதல் சொன்னேன்.

"அதுக்கில்ல. அங்க போனா, 'எப்படி இருக்கு'ன்னு என்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்களே," என்றார்.

சரி, ஓடித்தான் பாருங்களேன் என்றேன்.

முதல் நாள் ஏறினார். டிரெட்மில் அவரை இரண்டே எட்டில் பின்பக்கமாகத் தள்ளிவிட்டுத் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள், கூச்சமாக இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு ஓடுகிறேன் என்று அனுமதி வாங்கினார். டிரெட்மில்லை வைத்திருந்தது பழைய பாட்டில்கள் அடுக்கிய ஒரு சின்ன அறை. கதவுக்குப் பின்னால் தட் தட் தட் என்று சீராகக் காலடிச் சத்தம் கேட்டது. அரை மணி கழித்துக் கதவு திறந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்ட, மீசையிலிருந்து சொட்ட, சட்டை தொப்பலாக நனைந்து அத்தான் நின்றார். மேடம் கை தட்டினார். கம்பெனியே கை தட்டியது. அக்காவிடம் சொன்னால், "ஓடினாரா? யாரு துரத்தினா?" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து எல்லாமே தலைகீழாகப் போனது.

வீட்டில் ஒரு விநோதம். அத்தான் கழற்றிப் போடுகிற சட்டை காய்ந்ததும் தானாகவே நின்றது. அதோடு எறும்பு. "சட்டை காலர்ல சாரை சாரையா ஏறுதுடி. மனுஷன் வேர்வையில இனிப்பு வருமா?" என்று அக்கா கேட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றால் அத்தான் மாட்டேன் என்றார். அவர் எங்கே போகலாம் என்றாலும் மாட்டேன் என்பவர்தானே, நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

கம்பெனியில் நடந்தது அதைவிடப் பெரிய கூத்து. எந்த டேங்க் வந்தாலும் அத்தான், "பின்னாடி வருது," என்றார். மற்ற இருவரும் ஓடிவிட்டு வந்து குடித்து, அருமை என்றார்கள். மேடமும் குடித்துவிட்டு அருமை என்றார். ஆனால் கலவை மாஸ்டர் நம்பியது அத்தான் நாக்கை மட்டும்தான். இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு ஊற்றினார். "வருது." இன்னும் ஊற்றினார். டேங்க் பக்கம் போனால் கண் எரிகிற அளவுக்கு ஊற்றினார். "பின்னாடி வந்தது போய், இப்ப முன்னாடியும் வருது," என்றார் அத்தான், மிகுந்த வருத்தத்தோடு. டேங்க் டேங்காகச் சாக்கடையில் விட்டார்கள். லாரிகள் காலியாகத் திரும்பின. என் லேபிள் மெஷின் நின்றுவிட்டது.

மாஸ்டர் ஆளே பாதியாகிவிட்டார். தன் அளவுகளை எல்லாம் தானே சந்தேகப்பட்டார். சுடுதண்ணீர் வைத்தால்கூட எங்களிடம் கொண்டுவந்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். ஒருநாள் மத்தியானம் மேடம் முன்னால் போய், "என் கைப்பக்குவம் போயிடுச்சு மேடம். சனிக்கிழமையோட நின்னுக்கறேன்," என்று சொல்லிவிட்டார்.

கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தானுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். நாலு பேர் மதித்தால் இப்படியா ஆடுவது? நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று நேராக அந்தச் சின்ன அறைக்குப் போய், தட்டாமலே கதவைத் திறந்தேன்.

டிரெட்மில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அத்தான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் ஷூவை மாட்டிக்கொண்டு, ஓடுகிற பட்டையில் தட் தட் தட் என்று தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திறந்த பாட்டில் ஒன்று. தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தபடியே, பழக்க தோஷத்தில் இன்னும் நாலு தட்டு தட்டினார்.

"தலையில என்ன?" என்றேன்.

"எலுமிச்சை." பாட்டிலைக் கண்ணால் காட்டினார். எங்கள் கம்பெனி பாட்டில்தான்.

"பச்சைத் தண்ணியை ஊத்திக்கக் கூடாதா?"

"குழாய் வராண்டாவோட அந்தக் கோடியில இருக்கும்மா," என்றார். அந்த நியாயம் எனக்கே புரியும் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு சொட்டு நெற்றியிலிருந்து இறங்கி, மூக்கு வழியாக மீசைக்குள் போனது. அத்தான் உதட்டை நக்கிக்கொண்டார். புருவம் ஏறியது, இறங்க மறந்து அங்கேயே நின்றது. தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. மீசையை இன்னொரு தடவை நக்கிப் பார்த்தார்.

"பின்னாடி வருது," என்றார் மெதுவாக.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. நாள் தவறாமல் விட்டமினில் ஊறிய மீசை. எந்தக் கப்பை எடுத்தாலும் அந்த மீசைக்குக் கீழேதான் வாய்க்குப் போக வேண்டும். உலகத்தில் உள்ள வாடையை எல்லாம் கண்டுபிடிக்கிற மனிதர் தன் மூக்குக்குக் கீழே இருந்ததைக் கோட்டை விட்டிருக்கிறார்.

நான் சட்டென்று கதவைச் சாத்தினேன். "அத்தான், சத்தம் காட்டாம மூஞ்சியை நல்லாக் கழுவுங்க. நாளைக்கு வர்ற டேங்கை நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும்."

"மாஸ்டர்?"

"அவருக்கு எதுக்குத் தெரியணும்?"

"தன் கை கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டே வாழ்நாள் பூரா இருப்பாரே," என்றார் அத்தான். "அவர் கை ஒரு தப்பும் பண்ணலை. என் மீசைதான் பண்ணுச்சு."

"சொன்னா மூடிப் பிரிவுதான், தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையை ஆட்டினார். அப்புறம், நான் என் வாழ்நாளில் பார்க்காத வேகத்தில், முக்காலியை விட்டு எழுந்து நடந்தார். கையிலிருந்த ஷூவைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

மீட்டிங் அறையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் ஷூவோடு, எலுமிச்சை சொட்டச் சொட்ட, அத்தான் ஒன்று விடாமல் சொன்னார். குழாய் தூரத்தில் இருந்ததையும் சொன்னார். மாஸ்டர் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், பக்கத்தில் நின்றவர் தோளைப் போட்டுக் குலுக்கினார்.

மேடம் கத்தவில்லை. "ஒரு நாள் கூட ஓடலையா?"

"முதல் நாள் ஏறினேன் மேடம். அது வேண்டாம்னுடுச்சு."

மேடம் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே குதித்தபடி யோசித்தார். "சரி, இன்னைக்கு ஓடுங்க. என் கண்ணு முன்னாடி. மூஞ்சி கழுவிட்டு, நிஜமா ஓடுங்க. அப்புறம் மூணு கப் தர்றேன். எது நல்லது, எது கெட்டதுன்னு சரியாச் சொல்லிட்டா இந்த சீட் உங்களுக்கே. இல்லேன்னா மூடிப் பிரிவு. நியாயந்தானே?"

நியாயம்தான். மூன்று கப்பையும் மாஸ்டரே தயார் செய்தார். ஒன்று, இந்தக் குழப்பத்துக்கு முன்னால் கலந்த நல்ல ஆரஞ்சு. இரண்டு, ஊற்றி ஊற்றிக் கண் எரிந்த அந்த ஆரஞ்சு. மூன்று, எதுவுமே சேர்க்காத வெறும் விட்டமின் தண்ணீர். அதைக் குடிப்பதும் மருந்துக் கடையை நக்குவதும் ஒன்றுதான். எந்தக் குழந்தையும் வித்தியாசம் சொல்லிவிடும். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். சீட் பிழைத்தது என்று நானும் நினைத்தேன்.

அத்தான் ஓடினார். கம்பெனியே வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றது. முதலில் உருண்டார், அப்புறம் தள்ளாடினார், அப்புறம் எப்படியோ ஓடினார். முகம் தக்காளியாகச் சிவந்தது. உடம்பில் எங்கிருந்தெல்லாமோ சத்தம் வந்தது. மாஸ்டர் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி முடிந்ததும் மெஷினை நிறுத்தினார்கள். அத்தான் நிற்கவில்லை, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார்.

மேடம் முதல் கப்பைக் கொடுத்தார். அத்தான் கொப்பளிக்கவில்லை, துப்பவில்லை. மடக் மடக் என்று குடித்துவிட்டார். "நல்லா இருக்கு," என்றார்.

இரண்டாவது கப். அதுவும் உள்ளே போனது. "இதுவும் நல்லா இருக்கு."

மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது கப்பை அத்தானே எட்டி வாங்கினார். அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "மேடம், இதுல இன்னும் ஒரு கப் கிடைக்குமா?" என்றார்.

முடிந்தது கதை, காதில் வைக்கப் பஞ்சு வாங்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மேடம் மட்டும், "அப்படி என்ன அது?" என்று மூன்றாவது ஜாடியிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். அவர் அன்றைக்கும் ஓடித்தான் வந்திருந்தார். மத்தியானமும் ஒரு சுற்று ஓடியிருந்தார். "நல்லாத்தானே இருக்கு," என்றார் குழப்பத்தோடு.

"நீ குடி," என்று மாஸ்டர் என்னிடம் ஒரு கப்பை நீட்டினார். நாளெல்லாம் உட்கார்ந்தே கிடந்த நான் ஒரு வாய் குடித்தேன். அடுத்த நொடி அது மேடத்தின் புது ஷூ மேல் இருந்தது.

மேடம் ஷூவைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார், ஓடிவிட்டு வந்து நின்ற, ருசி பார்க்கிற மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் மூன்றாவது ஜாடியில் ஆளுக்கு ஒரு கப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடினவங்க நாக்கு எதையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லும் போலிருக்கே," என்றார் மேடம்.

"ஆனா வாங்கறவங்க முக்கால்வாசிப் பேரு காரை விட்டு இறங்காம வாங்கறவங்க மேடம்," என்றார் மாஸ்டர்.

மேடம் நான் முன்பே சொன்னபடி நல்ல மனுஷி. தப்பு என்று தெரிந்தால் அதிலும் வேகம்தான். அங்கேயே சொல்லிவிட்டார்: இனிமேல் ருசி பார்க்கிறவர்கள் ஓடக் கூடாது, மாடிப்படிகூட ஏறக் கூடாது, இவருக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போடுங்கள். எல்லோரும் கை தட்டிக் கலைந்தார்கள். மாஸ்டர் பாதி ஓட்டமாகக் கலவை அறைக்குப் போனார்.

நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். அவர் இன்னும் தரையிலேயே இருந்தார், காலிக் கப்புக்குள் பார்த்துக்கொண்டு.

"சீட் கிடைச்சாச்சு அத்தான். இன்னும் என்ன யோசனை?"

"சின்ன வயசுலேர்ந்து எதை வாயில வெச்சாலும் முதல்ல அதுல இருக்கிற தப்புதான் வந்து நிக்கும்," என்றார். "நான் தேடிப் போறதில்ல. அதுவா வரும். இன்னைக்குத்தான் வரலை."

குறை சொல்வதில் அவருக்கு ஒரு ருசி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நாக்கோடுதான் அவரும் இத்தனை வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மேடம் சுவரிலிருந்த அறிவிப்பைக் கிழித்துக்கொண்டு போக வந்தார். அத்தான் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே, "மேடம், வேலை நாள்ல நான் அசையக்கூட மாட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து இதுல ஓடிக்கலாமா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ருசி பார்க்கிற வேலை கிடையாதே. எதுக்கு?"

"வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரி சமைச்சதைச் சாப்பிடத்தான் மேடம்."

மேடம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அந்த ஒரு முறைதான் அவர் கால் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். அப்புறம் இடுப்பிலிருந்த கொத்தில் அந்தச் சின்ன அறையின் சாவியை மட்டும் கழற்றி, அத்தான் கையில் வைத்துவிட்டுப் போனார்.